ஜோடிக் கையெழுத்து

“உங்க கோதுமைக்கு வர்ற மானியம் மட்டும் யார் வரிப்பணமாம்? அதுல என் காசும் இருக்குல்ல?”

“கோதுமை யாரையும் கொல்றதில்லையே, லெனோரா.”

“கொல்லாமலா? எங்க ஊர் ஆஸ்பத்திரில சர்க்கரை வார்டுக்கு ஒருநாள் வந்து பாருங்க.”

வெண்டல் ஸ்ட்ரோ வாய்விட்டுச் சிரித்தார். அவரும் லெனோரா ஹௌகனும் எதிரெதிர்க் கட்சி; ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தொகுதி. கூட்டத்தொடர் நடக்கும் பனிக்காலம் முழுக்க, சட்டமன்ற உணவகத்தில் ஒரே மேஜையில்தான் மதியச் சாப்பாடு.

லெனோரா நெஃப்லா என்ற மாவுருண்டை சூப்பில் ரொட்டியைத் தோய்த்தாள். சாப்பிட்டு எழுந்ததும் அவளுடைய மசோதாவுக்கு வாக்கெடுப்பு. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு பிரசவத்துக்குப் பணம் கொடுக்கிறது, கருக்கலைப்புக்குக் கொடுப்பதில்லை. இனி அதற்கும் கொடுக்கவேண்டும் என்கிறது மசோதா. இரண்டு மேஜை தள்ளி, மடியில் கைக்குழந்தையோடு டெஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் கருக்கலைப்புக்கான பணத்துக்கு அலைந்து, கடைசியில் சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது. “இவன் என் உசிரு. ஆனா முடிவை நான் எடுக்கல, என் காலி பர்ஸ் எடுத்துச்சு” என்று போன வாரம் அவள் மசோதாவை விசாரித்த குழுவின் முன் சாட்சி சொன்னாள்.

ஜெயித்துவிடுவோம் என்று லெனோராவுக்கு உறுதியாகத் தெரியும். எல்லோரும் வந்தால் இரு பக்கமும் சமம். சமமானால் மசோதா தோற்கும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வரமாட்டார். அவர் யாரென்பதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“இர்மாவுக்கு ஆபரேஷன் இன்னைக்குன்னு உனக்குத் தெரியும்தானே?” என்றார் வெண்டல்.

லெனோராவின் கரண்டி நின்றது. “தெரியும். இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க? கிளம்புங்க. பொண்டாட்டியோட இதயத்தைவிட ஓட்டு பெருசா?”

“நான் போனா நீ ஜெயிச்சிடுவே. அது எனக்குப் பாவம். போகலைன்னா, அவ கண்ணு முழிக்கும்போது பக்கத்துல யாருமில்ல. அதுவும் பாவம்.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஜோடிச் சீட்டு. ஒரு பக்கத்தவர் வெளியே போக வேண்டியிருந்தால், மறுபக்கத்தவர் ஒருவர் கூடவே கையெழுத்திடுவார். இருவர் வாக்கும் எண்ணப்படாது. வெண்டலின் பெயர் ஏற்கெனவே அதில் இருந்தது. லெனோராவும் போட்டால் கணக்கு மறுபடி சமம்.

“நீங்க கெட்டிக்காரர்” என்றாள் லெனோரா.

“கெட்டிக்காரத்தனம் இல்லம்மா. உன் பையன் ஏரியில ஐஸ் உடைஞ்சு விழுந்த அன்னைக்கு, நான் உன்கூட ஜோடி போட்டேனே. எந்த மசோதான்னுகூடக் கேக்கல.”

அவர் கேட்கவில்லைதான். அன்று லெனோரா வண்டியை விரட்டிக்கொண்டு போனாள், மகன் பிழைத்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து டெஸ், குழந்தையின் கையைப் பிடித்து அவளைப் பார்த்து ஆட்டினாள். லெனோராவும் சிரித்துக் கையசைத்தாள்.

வெண்டல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். கதவுப் பக்கம் போகவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

“ரோட்ல பனி ஏறிட்டிருக்கு. ஒரு கையெழுத்து போடு, லெனோரா.”