ரசிகர் முகம்

ஷாரோனுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது. அதனால் கோவளத்தில் யாராவது அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றால் அது அவளுக்குப் போய்ச் சேராது. பக்கத்தில் நிற்கிற அண்ணன் ஜோஷ்வாவின் காதில்தான் விழும். பள்ளிக்கூட வயதில் இதற்காகவே அவன் எத்தனையோ பேரின் சட்டையைப் பிடித்திருக்கிறான். அப்பேர்ப்பட்டவன்தான் பிற்பாடு இந்தக் காரியத்தைச் செய்தான். இதை எங்கே போய்ச் சொல்வது?

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது கையால். பாதி, செங்கல்பட்டில் விடுதியோடு இருந்த பள்ளியில் அவள் கற்றுக்கொண்டு வந்தது. மீதி, இவர்களே வீட்டில் உண்டாக்கிக்கொண்டது. அந்தப் பேச்சில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சைகைதான் பெயர். கன்னத்தில் விரலை அழுத்தினால் அண்ணி ஜெனிஃபர், அவள் கன்னத்துக் குழிக்காக. முகத்துக்கு முன்னால் ஆவியை விலக்கினால் தெருமுனை இட்லிக்கடை காசியம்மாள். காதுமடலை இரண்டு விரலால் பிடித்தால் ஜோஷ்வா. என்னுடைய காது இவன் என்று, பால்பல் விழாத வயதில் அவள் வைத்த பெயர் அது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

ஷாரோன் படம் எடுப்பாள். நடிப்பதும் அவள்தான், டைரக்ஷனும் அவள்தான். விடுதியில் ஒரு டீச்சர் சுவரில் துணி கட்டி ரொம்பப் பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாராம். ஒரு காலத்தில் சினிமாவுக்குப் பேச்சே கிடையாது, எல்லாரும் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று விளக்கினாராம். உலகமே தன்னைப் போல சினிமா பார்த்த காலம் ஒன்று இருந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட பைத்தியம். பகலில் ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் துணி வெளுக்கிற வேலை. லீவு நாளில் மாமல்லபுரம் கடற்கரை. போனைப் பிடிக்க ஜெனிஃபர். எல்லாமே தமாஷ் படம். அழவைக்கிற படம் எடுக்க எனக்கென்ன வேற வேலையில்லையா என்று கையை உதறுவாள்.

முதல் படம் ஒரு பஸ் ஸ்டாப். கை காட்டுகிறாள், பஸ் நிற்கவில்லை. கெஞ்சுகிற முகத்தோடு காட்டுகிறாள், நிற்கவில்லை. போலீஸ்காரர் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு காட்டுகிறாள், கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக் காட்டுகிறாள், ம்ஹூம். கடைசியில் ஓர் ஆடு சாவகாசமாக ரோட்டுக்கு வந்து தலையைத் தூக்குகிறது. பஸ் கிறீச்சென்று நிற்கிறது. ஆடு முதலில் ஏறுகிறது. ஆட்டுக்குப் பின்னால் இவள் ஏறுகிறாள், ஆட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு.

அதை நெட்டில் போட்டார்கள். பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் எழுதியது ஒன்றேதான்: சவுண்டு வர்ல ப்ரோ.

ஜோஷ்வாவுக்கு மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் ஷாரோன் போனை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். யாராவது சிரித்தார்களா? இல்லை என்று சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்குவதை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது உட்கார்ந்து நாலு வரி எழுதினான். படத்துக்கு அடியில் ஒரு வயலினைச் சேர்த்தான். ஜெனிஃபரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னான்.

"இன்னாங்க இது? அவ தமாசா எட்த்துக்கினு கீறா, நீங்க ஒப்பாரி வெச்சிக்கினு கீறீங்க?"

"ஒரு தபா போட்டுப் பாப்பம்டி. நாலு பேரு பாக்கட்டும். அவ மூஞ்சிய என்னால பாக்க முடியல."

ஜெனிஃபர் பேசினாள். பஸ் நிற்காமல் போகிற இடத்தில், "சாமி, எனக்கு ஒரு கொரலு குட்த்திருந்தா இந்த பஸ்ஸ கூப்ட்டிருப்பேனே." ஆடு ஏறுகிற இடத்தில், "ஒரு ஆட்டுக்குக் கீற மருவாதகூட இந்த ஊமச்சிக்கு இல்லியா?" இரண்டாவதைக் கேட்டபோது, எழுதியவனுக்கே கண் கலங்கிவிட்டது. தான் எழுதியதில் தானே அழுதான், மடையன்.

அப்புறம் என்ன, படம் பறந்தது. லட்சம் லட்சமாகப் பார்த்தார்கள். கம்பெனி கேன்டீனில் "டைரக்டர் அண்ணாத்த வந்துட்டாரு" என்று இடம் விட்டார்கள். அவனுக்கு அது பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன். ஷாரோன் அடுத்த படம் எடுத்தாள், அதற்கு அடுத்ததும் எடுத்தாள். மாமல்லபுரத்துக் கல் யானையைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுக்க முயல்கிற பெண், காற்றோடு சண்டை போட்டுக் குடை விற்கிற பெண். ஒவ்வொன்றுக்கும் அவன் ஓர் ஒப்பாரி எழுதினான். நிறுத்த வழி தெரியவில்லை. சத்தமில்லாமல் போட்டால் மறுபடி அந்த முகம் சுருங்குமே!

கோவளத்துக்கே தெரியும், ஷாரோனுக்கு மட்டும் தெரியாது. படத்துக்கு அடியில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி ஜோஷ்வா அடைத்துவைத்திருந்தான். அவள் தெருவில் நடந்தால் பெண்கள் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சேர்த்து, உதட்டைக் குவித்து "ச்சு ச்சு" என்பார்கள். காசியம்மாள் ஒருபடி மேலே போய்க் கூடுதலாக ஓர் இட்லி வைத்து, முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொள்வாள். ஷாரோன் அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். முன்பு தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள்! நடிகைக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அந்த முகத்தை அப்படியே பிடித்துக் காட்டுவாள். சாய்ந்த தலை, சேர்ந்த புருவம், குவிந்த உதடு. நாளாக நாளாக அவர்கள் பேச்சில் அதுவே ஒரு சைகையாகிவிட்டது. ரசிகர் என்று அர்த்தம். இன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் மூன்று ரசிகர் என்று அந்த முகத்தை மூன்று தரம் செய்வாள். ஜோஷ்வா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். சோறு இறங்காது.

"சொல்லிடுங்க" என்றாள் ஜெனிஃபர். "நானும் பேசனவதான். எனக்கு அவ மூஞ்சியப் பாக்க கூசுது."

"சொல்றன்டி, சொல்றன்."

சொல்லவில்லை. இப்படியிருக்கும்போதுதான் மாதா கோயில் திருவிழா வந்தது. ஃபாதர் கூப்பிட்டு, நம்ம ஷாரோனின் பஸ் ஸ்டாப் படத்தைச் சாயங்காலம் திடலில் திரை கட்டிப் போடலாம் என்றார். அவள் குதித்தாள். குதித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள். நான் திரையைப் பார்க்க வேண்டாம், திரைக்குப் பக்கத்தில் ஜனங்களைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போடு. இத்தனை பேர் பார்த்தார்கள் என்கிறாய், ஒருத்தர் சிரித்ததைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

சிரிப்பைப் பார்க்க உட்காருகிறவள் அழுகையைத்தான் பார்ப்பாள் என்று ஜோஷ்வாவுக்குத் தெரியும். ஆவது ஆகட்டும், சொல்லிவிடுவோம் என்று திருவிழா அன்று காலையில் அவள் முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். அவள் அதற்குள் புதுச் சுடிதாரை மேலே வைத்துக் காட்டி, நன்றாயிருக்கிறதா என்று கேட்டாள். தூக்கிய கையால் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

ஒரு வழி தோன்றியது. சத்தம் சேர்க்காத மூலப்படத்தைப் பென் டிரைவில் போட்டு சவுண்டு செட் ஆல்வினிடம் கொடுத்தான். "இதுல சவுண்டு இல்ல. இப்டியே போடு, இன்னான்னு கேக்காத" என்றான். ஆல்வின் சரியென்றான்.

திடல் நிறைந்திருந்தது. காசியம்மாள் கைக்குட்டையோடு முன்வரிசையில். ஷாரோன் திரைக்குப் பக்கத்தில் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "சவுண்டு! சவுண்டு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். எல்லாரும் வாயைத் திறப்பதைப் பார்த்து ஷாரோன் எழுந்து கும்பிட்டாள். கூட்டத்துக்குக் கடைசியில் நின்ற ஜோஷ்வாவுக்கு அந்தக் கும்பிடு நெஞ்சில் குத்தியது.

"டென்சன் ஆவாத அண்ணாத்த, எங்கைல கீது!" என்று அங்கிருந்தே கத்தினான் ஆல்வின். போனைச் செருகி, அதிலிருந்த சத்தமுள்ள படத்தைப் போட்டான். உபகாரம் செய்கிறானாம்! வயலின் எழுந்தது. ஜெனிஃபரின் குரல் திடல் முழுக்க, சாமி, எனக்கு ஒரு கொரலு, என்று கரைந்தது. ஜோஷ்வா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஓடவில்லை.

ஜனங்கள் அழ ஆரம்பித்தார்கள்.

ஷாரோன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முகம் படிப்பதுதானே அவள் தொழில்! மீசை முறுக்குகிற காட்சி ஓடிக்கொண்டிருக்கும், அவளுக்குத் தெரியும். அதற்குக் காசியம்மாள் மூக்கைச் சிந்துகிறாள். திரையைத் திரும்பிப் பார்த்தாள். தன் படம்தான். மறுபடி ஜனங்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம் நடந்தாள். சின்னப் பிள்ளையில் திருவிழாவுக்குத் திருவிழா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள், மேளம் வயிற்றில் அதிருமென்று. இப்போது உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். பாக்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தது.

கையை எடுக்கவில்லை. ஜோஷ்வா எங்கே என்று கூட்டத்தில் தேடினாள், கண்டுபிடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் அவள் செய்ததைப் பற்றி இன்னும் ஊரில் பேச்சு ஓயவில்லை. ஆல்வினிடம் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். முதலிலிருந்து போடு என்று காட்டினாள். முறைத்த முறைப்பில் அவன் போட்டுவிட்டான். சத்தமில்லாமல் படம் ஓடியது. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு, இருமல். ஒன்றிரண்டு பேர் எழுந்துகூடப் போனார்கள். மீசை முறுக்குகிற இடத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இன்னும் நாலு பேர். ஆடு தலையைத் தூக்கியதோ இல்லையோ, காசியம்மாள் தொடையில் அறைந்துகொண்டு, "அடிப்பாவி, ஆட்டுக்குக் கும்புடு போட்றாளே!" என்று சிரித்தாள். திடலே சிரித்தது. ஜோஷ்வாவும் தன்னை மறந்து சிரித்துவிட்டான். இத்தனை நாளில் அந்தப் படத்துக்கு அவன் சிரித்தது அதுவே முதல் தடவை. அது உறைத்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

நாற்காலிகளை அடுக்குகிற நேரத்தில் அவன் முன்னால் வந்து நின்றாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான், கோபப்பட்டிருந்தால் தேவலை. பாக்ஸைக் காட்டிக் கேட்டாள்: அதற்குள்ளே நான் என்ன பேசினேன்?

அவன் ஆரம்பித்தான். ஆடு என்று காட்டினான். மரியாதை என்று காட்டினான். ஊமச்சி என்பதற்கு அவர்கள் பேச்சில் சைகையே கிடையாது. அவர்கள் வீட்டில் அது தேவைப்பட்டதே இல்லை. கை அந்தரத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் தலையைச் சாய்த்தான், புருவத்தைச் சேர்த்தான், உதட்டைக் குவித்தான்.

ரசிகர்.

அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. அது விளங்குவதை ஜோஷ்வா நின்று பார்க்க வேண்டியிருந்தது. தெருவில் பார்த்த முகம் ஒவ்வொன்றும், கூடுதலாக விழுந்த இட்லி ஒவ்வொன்றும் அவள் கண்ணில் வந்து போயின.

எல்லாருமா, என்று கையால் ஊரைச் சுற்றிக் காட்டினாள்.

ஆமாம்.

நீயுமா?

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தான். ஜெனிஃபர் பேசியதைக் கேட்டுக் கண் கலங்கியது ஞாபகம் வந்தது. ஆமாம் என்றான்.

மறுநாள் காலையில் ஷாரோன் எப்போதும் போல எழுந்தாள், சோறு வடித்தாள், டிஃபன் கட்டினாள். ஜோஷ்வா கம்பெனி பஸ்ஸுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். டிஃபன் பாக்ஸை ஜெனிஃபரிடம் நீட்டி, இதைக் கொடுத்துவிடு என்றாள்.

"யாருக்கு?" என்று கையால் கேட்டாள் ஜெனிஃபர்.

ஷாரோன் காதைத் தொடவில்லை. தலையைச் சாய்த்து, புருவத்தைச் சேர்த்து, உதட்டைக் குவித்தாள்.

ரசிகருக்கா, எந்த ரசிகருக்கு என்று ஜெனிஃபர் வாசலை எட்டிப் பார்த்தாள். வாசலில் ஜோஷ்வாவைத் தவிர யாருமில்லை. புரிந்ததும் அவள் கையில் டிஃபன் பாக்ஸ் அப்படியே நின்றது.

ஜோஷ்வா செருப்போடு உள்ளே வந்தான். தன் காதுமடலைப் பிடித்துக் காட்டினான். நான்தான் என்று இன்னொரு தரமும் பிடித்துக் காட்டினான். சோறு வடித்த பானையை ஷாரோன் கழுவிக்கொண்டிருந்தாள்.