இரண்டாவது பெட்டி

என் கணவன் எல்மர் கார் ஷெட்டில் பீர் காய்ச்சுகிறவன். எங்கள் ஊர் கிராண்ட் மரேயில் பாதிப் பேர் அதைக் குடித்திருக்கிறார்கள். மீதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள். அந்த அக்டோபரில், "கனடாவுல, தண்டர் பேல வீட்டு பீர் போட்டி நடக்குது, நீயும் வாயேன் வெர்னா" என்றான். எங்கேயும் கூப்பிடாத மனுஷன் கூப்பிடுகிறானே என்று நானும் கிளம்பிவிட்டேன். டிக்கியில் இரண்டு பெட்டி நிறைய பழுப்புப் பாட்டில்கள், ஒன்றிலும் லேபிள் கிடையாது.

எல்லையில் கனடாக்காரி ஒருத்தி, சின்ன வயது அதிகாரி, குனிந்து பார்த்தாள்.

"மது ஏதாவது இருக்கா?"

"பீர். ரெண்டு பெட்டி. நானே காய்ச்சினது" என்றான் எல்மர்.

"விக்கவா?"

"அதை யார் காசு குடுத்து வாங்குவா?" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப யாருக்கு?"

"போட்டிக்கு" என்றேன். அதே மூச்சில் எல்மர், "என் மகளுக்கு" என்றான்.

எங்களுக்கு இரண்டு பையன்கள். மகள் கிடையாது.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், உங்க பொண்ணு எங்க இருக்கா?"

"எனக்குப் பொண்ணே இல்லையே!"

"தண்டர் பேல இருக்கா" என்றான் எல்மர்.

"காரை ஓரமா விட்டுட்டு உள்ள வாங்க."

உள்ளே நீளப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வழியாக, வெளியே இன்னொருவன் எங்கள் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஒருவேளை இவனுக்கு மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ, ரத்த அழுத்த மாத்திரை போட்டானா இல்லையா என்றுகூட யோசித்தேன்.

"எல்மர், இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி. எனக்கு ஒண்ணும் ஆகல, வெர்னா." கையைப் பிசைந்துகொண்டே சொன்னான். என்னைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு கோடைக்காலம் முழுக்கத் தண்டர் பேயில் காகித ஆலையில் வேலை பார்த்தானாம். அங்கே ஒருத்தி. பிள்ளை பிறந்தது இவனுக்கே தெரியாது. எங்கள் பெரிய பையன் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த, சொந்தம் காட்டும் டி.என்.ஏ. சோதனையில் அந்த மகள் இவனைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெயர் கோரின். கனடாவில் அக்டோபரிலேயே வரும் நன்றி நாள் விருந்துக்குக் கூப்பிட்டாளாம், உங்க பீரைக் கொண்டுவாங்க என்றாளாம்.

"அப்ப போட்டி?"

"போட்டியெல்லாம் இல்ல."

"என்கிட்ட பொய் சொல்லிட்டு, அவகிட்ட மட்டும் எதுக்கு உண்மையச் சொன்ன?"

"அவ யூனிஃபார்ம் போட்டிருந்தா."

சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை. அதற்குள் அந்தப் பெண் அதிகாரி வந்தாள். "ஆளுக்கு ஒரு பெட்டி கொண்டுபோகலாம். நீங்க ரெண்டு பேர், ரெண்டு பெட்டி. அளவு சரிதான். கதைதான் ஒத்துவரல. உங்க பொண்ணு நம்பர் குடுங்க."

ஆளுக்கு ஒரு பெட்டி! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"ரெண்டாவது பெட்டிக்கு ஆள் வேணும்னுதான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தான். "அப்படித்தான் ஆரம்பிச்சேன்னு நினைக்கறேன். ஆனா வழி பூரா உன்கிட்ட சொல்லணும்னு வாயத் தொறந்து தொறந்து மூடினேன்."

அவன் வழியில் இருமிக்கொண்டே வந்தது ஞாபகம் வந்தது. சளி என்று நினைத்து நான் மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

அதிகாரி போனில் பேசினாள். ஆமா, எல்மர். ஆமா, பீரும் இருக்கு. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"மேடம், நீங்களும் வர்றீங்களான்னு கேக்கறாங்க. அதுக்கேத்த மாதிரி வான்கோழி வாங்கணுமாம்."

எல்மர் தரையைப் பார்த்தான். நான் பையைத் திறந்து பாஸ்போர்ட்டையும் ஸ்வெட்டரையும் பார்த்துவிட்டு மூடினேன்.

"பெரிசாவே வாங்கச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னது போலிருந்தது. நான்தான் சொன்னேன்.

கோரின் உயரமாக இருந்தாள். எல்மரின் காதுகள் அவளுக்கு, பாவம். வாசலில் யார் யாரைக் கட்டிக்கொள்வது என்று மூன்று பேருக்கும் தெரியாமல், கடைசியில் அவளும் நானும் கட்டிக்கொண்டோம். எல்மர் முதல் பாட்டிலைத் திறந்தான். மலைப்பாதையில் குலுங்கிக் கிடந்த பீர், மேசை விரிப்பு, சாஸ், அவன் சட்டை எல்லாவற்றையும் நனைத்தது. மிச்சத்தை அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குப் பீரே பிடிக்காது. போன்ல வேற என்ன கேக்கறதுன்னு தெரியல."

எல்மரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. அவனோடு பேச மட்டும் திங்கட்கிழமை ஆயிற்று.

பையன்களிடம் யார் சொல்வது என்று சண்டை வந்தது. கடைசியில் நான்தான் பெரியவனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, மறுபடி சொல்லு என்றான். மறுபடி சொன்னேன்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும்தான். டிசம்பர்ல வர்றா. உன் ரூம்ல படுக்க வைக்கிறேன், உன் மீன் தூண்டிலையெல்லாம் வந்து எடுத்துட்டுப் போ."