வார்னிஷ் காயாத பீரோ

கதவைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

எப்போதும்வென்றான் ஊரில் பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் கோவில்பட்டிச் சம்பந்தி வீட்டு வாசலில் வந்து நின்ற பாண்டியம்மாளின் மூக்கில் வார்னிஷ் வாடை ஏறியது. உள்ளே எதையோ இழுக்கும் சத்தம்.

மறைக்கிறார்கள்!

ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். சீரில் தேக்குப் பீரோ என்று பேச்சு. தேக்கு இல்லையென்றால் தாம்பூலத்தை இன்றைக்கே திருப்பிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

கதவைத் திறந்த ராமலட்சுமிக்கு முகம் வெளிறிவிட்டது. "வாங்க மதினி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லிட்டு வந்தா எல்லாம் ஒழுங்காத்தான இருக்கும்?" பாண்டியம்மாள் நேரே பின்கட்டுக்கு நடந்தாள்.

அங்கே கல்யாணப்பெண் முத்துச்செல்வி, தலையெல்லாம் மரத்தூளாக, வார்னிஷ் துணியும் கையுமாக நின்றாள். காலடியில் தேய்ந்த உப்புத்தாள்கள். பின்னால் சேலை போர்த்திய ஓர் உருவம்.

பாண்டியம்மாள் சேலையை உருவினாள். பீரோ பளபளத்தது. கதவில் புதுக் கண்ணாடி. ஓரமெல்லாம் மல்லிகைக் கொடி.

"நானே வரைஞ்சேன் அத்தை."

"பூ கெடக்கட்டும். மரம் என்ன மரம்ட்டி?" நகத்தால் கீறினாள். பிசுபிசுத்தது. கீல் இடுக்கில் பச்சைப் பெயிண்ட் துணுக்கு! "பழசை மினுக்கி எந்தலையில கட்டப் பாக்கியளா? தீப்பெட்டிக் குச்சி சீவுத மரம் மாதிரில்லா இருக்கு!"

ராமலட்சுமி கையைப் பிசைந்தாள். "பழசுதான் மதினி. ஆனா தேக்கு. வித்த அம்மா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுச்சுன்னு கடைக்காரர் சொன்னாரு."

"எந்த எடுபட்டவ பண்ணுனாளோ! உள்ள பாத்தாத் தெரியும்."

"அது சட்டுனு தொறக்காது மதினி, நெம்பணும்..."

பாண்டியம்மாள் காதிலேயே வாங்கவில்லை. முழங்காலால் கதவின் அடியில் ஒரு முட்டு. பிடியைத் தூக்கி ஓர் இழுப்பு. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

நடுத்தட்டில், இஸ்திரிப்பெட்டி சுட்ட கருப்புத் தடம்.

பாண்டியம்மாளுக்குக் குப்பென்று வியர்த்தது. போன தையில் தன் வீட்டுப் பச்சைப் பீரோவை விற்று வண்டியில் ஏற்றிவிட்டபோது, அந்தத் தடத்தின் மேல் பேப்பர் விரித்தது அவள்தான். சூடம் அணைத்ததும் அவள்தான். வருஷக்கணக்கில் பழகிய முழங்கால், இப்போது அவளைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது!

திரும்பினாள். முத்துச்செல்வியின் பார்வை அந்த முழங்காலிலேயே நின்றது.

"ஒரு மாசமா நானும் அம்மாவும் மல்லுக்கட்டுதோம். அத்தை மட்டும் எப்படி ஒத்த இழுப்புல...?"

குச்சி மரம்தான் என்று சண்டை போட்டால் கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்தால் விற்றவளைக் கை காட்டுவார். சீர் கேட்டு வந்தவளின் மானம் சந்தி சிரித்துவிடும்.

"தேக்குதான்" என்றாள் பாண்டியம்மாள். "நல்ல தேக்கு."

ராமலட்சுமிக்கு உயிர் வந்தது. "சத்தியமாவா மதினி?"

"சத்தியமெல்லாம் எதுக்கு மதினி? சம்பந்தியாயிட்டோம்லா!" அவசரமாகக் கதவை மூடினாள். மூடும்போதும் முழங்கால்தான் முந்தியது.

முத்துச்செல்வி மரத்தூளைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"அங்கன வந்ததும் இதை எங்க போடுவோம் அத்தை? பழைய எடத்துலயே போட்டுருவமா?"