ஆறாவது இதழ் குட்டை

கண்ணுகளா, மலைக்குப் போய்ப் பூப் பார்த்து வந்தவள் நான். எதைப் பார்த்தேன் என்று சொன்ன பிறகு சிரியுங்கள், இப்போதே ஆரம்பிக்காதீர்கள்.

மாப்பிள்ளை ஏற்பாடு செய்த பயணம் அது. கூட வந்தவர் அவருடைய அம்மா, என் சம்பந்தி. தையல் மெஷினோடு ஆயுசைக் கழித்தவர். துணியில் பூவாகப் போட்டுத் தள்ளிய அவருக்கு மலைப் பூவை நேரில் பார்க்கக் கொள்ளை ஆசை. ஏறப் போகிற அன்றைக்கென்று பார்த்து முழங்கால் வீங்கிக்கொண்டது. போட்ட புது ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நீங்க போய்ட்டு வாங்க சம்பந்தி. என்னென்ன பூன்னு பேரோட வந்து சொல்லுங்க. இவ்வளவு தூரம் வந்து ஜன்னலை மட்டும் பாத்துட்டுப் போனேன்னு ஆயிடக் கூடாது."

"நான் எதுக்கு இருக்கேன்? ஒண்ணு விடாம கொண்டு வரேன்!"

என் வாய் எப்போதும் காலுக்கு முன்னால் போய்விடும். குளிருமே என்று தன் பச்சைக் கம்பளிச் சால்வையை எனக்குப் போர்த்திவிட்டார்.

மேலே ஒரே மூடுபனி. மூக்குக்கண்ணாடி மங்கியது, கழற்றிப் பைக்குள் போட்டேன். அப்புறம் குத்துமதிப்பாகத்தான் செல்போனை நீட்டினேன். மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தால், பக்கத்துப் புல்லில் ஊதாப் பூ! நடுவில் மஞ்சள். ஐந்து இதழ் முழுசு, ஆறாவது அரைகுறை. அபூர்வ வகைதான், சந்தேகமே இல்லை. எங்கள் சுற்றுலாக் குழுவில் என்னோடு ஏறிய ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரை அதட்டினேன்.

"தள்ளி நில்லுங்க சார், பூவை மிதிச்சிடாதீங்க!"

"ஊரையே 'உள்ள போ, உள்ள போ'ன்னு தள்ளினவன் நான். என்னையே தள்றீங்களேம்மா!" என்று பாறையைச் சுற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் விடுதி அறையில் சம்பந்தி, வரவேற்பறையில் இரவல் வாங்கிய பூப் புத்தகத்தை மடியில் விரித்துக் காத்திருந்தார். படங்களைக் காட்டினேன்.

"இது என்ன பூ?"

"அது... என் கட்டைவிரல்."

"இது?"

"அதே விரல்தான். ஆனா ஓரத்துல நீலமா, புனல் மாதிரி தெரியுது பாருங்க."

புத்தகத்தில் தேடி, "ஜென்ஷியன்" என்று எழுத்துக்கூட்டினார். அடுத்த நாலும் விரல். அவர் முகம் சுண்டிப்போனது. புத்தகத்தை மூடப் போனார்.

"இருங்க, கடைசிப் படம்!" நானே பக்கத்தைப் புரட்டினேன். ஊதா, ஆறு இதழ், நடுவில் மஞ்சள், மேலெல்லாம் பஞ்சு போல ரோமம். பெயர் பல்சட்டிலா. "பாத்தீங்களா, ரோமம்கூட அப்படியே இருக்கு! நம்மளுதுல ஆறாவது இதழ் மட்டும் குட்டை. புத்தகம் போட்டவங்களுக்கே தெரியாத வகை! கூட ஏறின கண்டக்டர் சாரைக்கூட அதட்டி, பாறையைச் சுத்திப் போக வெச்சேன்!"

சம்பந்தி செல்போன் படத்தை உற்றுப் பார்த்தார். என் தோளிலிருந்த சால்வையின் முனையை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"குட்டை இல்ல சம்பந்தி. ஊதா நூல் தீந்துபோச்சு."

நழுவிப் புல்லில் கிடந்த சால்வையைத்தான் நான் காவல் காத்திருக்கிறேன்! எனக்குப் போன மானம் இன்னும் திரும்பி வரவில்லை. அவரோ காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அப்போ நான் போட்ட பூ மலை மேல போய்ட்டு வந்திருக்கு! அந்த மனுஷன் நிஜமாவே சுத்திக்கிட்டா போனாரு?"

"மிதிக்க விட்டுடுவேனா?"

"எப்படிச் சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

எழுந்து நின்று, "தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன். வெந்நீர்ப் பையோடு கதவைத் திறந்த விடுதிக்காரர் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.