வெர்லின் வீட்டில் பிண வாடை

தெற்கு ஒஹையோவில் ஏப்ரல் கடைசி. போலீஸ்காரர் காரைவிட்டு இறங்கியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பிணம் எங்கேய்யா?"

"மரத்துல," என்றார் வெர்லின்.

கொல்லையில் இரண்டு பாவ்பாவ் மரங்கள். சில ஊர்களில் பப்பாளிக்கும் இதே பெயர்தான், ஆனால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. பழம் உள்ளே மஞ்சளாய், வாழைப்பழத்தைக் குழைத்து வைத்ததுபோல் இருக்கும். பூவைத் தேனீ சீண்டாது. ஈ மொய்த்தால்தான் காய். அதற்காகக் கிளையில் ஒரு செத்த முயல் தொங்கியது.

"பக்கத்து வீட்டு லொரேனா போன் பண்ணாங்க. பொண்டாட்டியக் கொன்னுட்டீங்களாம்."

"உயிரோடதான் இருக்கேன்," சமையலறை ஜன்னலில் ஓபலின் குரல். "இந்த வருஷமும் காய்க்கலைன்னா சாகப்போறது மரம்தான். அந்த எடத்துல எனக்குக் கோழிக்கூண்டு வரணும். ரம்பம் ரெடி."

போலீஸ்காரர் மரங்களில் தொங்கிய தகர வில்லைகளைப் படித்தார். இரண்டிலும் ஹாக்கிங் கோல்ட். வீட்டுத் தோட்டத்துக்கென்றே வந்த ரகம் என்று வெர்லின் தேடி வாங்கியது.

"நல்ல ரகம்னா ரெண்டையுமா அதுலயே வாங்குவாங்க? ஒரே தாய்மரத்து ஒட்டு. இதோட மகரந்தம் அதுல பிடிக்காது. எங்க வீட்லயும் இதே கூத்துதான். வேற மரத்துப் பூ வேணும்."

"வேற மரத்துக்கு எங்க போறது?"

போலீஸ்காரர் வேலியைக் காட்டினார். லொரேனாவின் கொல்லையில், விதையிலிருந்து தானாக முளைத்த பாவ்பாவ் கருஞ்சிவப்பாகப் பூத்து நின்றது.

லொரேனாவின் நாய்மீது வெர்லின் புகார் கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் பூக்கள் கொட்டத் தொடங்கிவிட்டன. வேலியோரம் போனார். அவள் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

"லொரேனா... கொஞ்சம் பூ."

"மொதல்ல முயலைப் பொதை."

புதைத்தார்.

"இன்னும் ஆழமா. என் நாய் தோண்டும். அதுக்கும் புகார் குடுப்ப."

மறுபடி தோண்டினார்.

லொரேனா ஒடித்த பூங்கிளை ஒன்று வேலிக்கு மேலே நீண்டது. "பழத்துல பாதி எனக்கு."

"காய்க்கட்டும்."

"காய்க்கும்."

பெயிண்ட் பிரஷ்ஷில் மகரந்தத்தைத் தொட்டு, தன் மரத்துப் பூக்களில் ஒவ்வொன்றாகத் தடவினார் வெர்லின்.

செப்டம்பரில் கொத்துக்கொத்தாய்ப் பழம். பாதியை வேலி தாண்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஓபல் ஒன்றைப் பிளந்து கரண்டியால் வழித்துத் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"மரம் இருக்கட்டும். கோழிக்கூண்டை வேலியோரமா கட்டிக்கறேன்," என்றாள். "லொரேனா வீட்டு ஜன்னலுக்கு நேரா."

வெர்லின் வாய் நிறையப் பழம்.