முன் அச்சுக்குள் ஒரு வளையம்

முன் அச்சின் மூடியைக் கழற்றியதும் கருகிய எண்ணெயின் வீச்சம் மெக்கானிக்கின் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முகத்தைத் திருப்பித் துப்பினார்.

தங்கை புருஷன் வாங்கிய பழைய லாரி. மலைப்பாதையில் மரம் ஏற்றி இறங்க நான்கு சக்கரமும் இழுக்கவேண்டும். பின் அச்சில் போன வாரமே நாற்பத்தொன்றுக்கு ஒன்பது பல் கணக்கில் கியர் போட்டாயிற்று. முன்னாலும் அதே கணக்கு இருந்தால்தான் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமல் ஓடும். மாப்பிள்ளை புதுக் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பினியனும் வாங்கி வந்திருந்தார். கிரவுனைத் தாங்கும் கூட்டை மட்டும் வாங்கவில்லை.

"பழசுதான் உள்ள இருக்கே, மச்சான்."

இருந்தது. பார்க்கத்தான் சகிக்கவில்லை. பினியனில் பல் குறைந்தால் அது ஒல்லியாகும். ஒல்லியைத் தொட கிரவுன் நெருங்கி வரவேண்டும். அதற்கென்றே தனிக் கூடு உண்டு. எவனோ ஒரு மகராசன் அதைத் தேடச் சோம்பி, பொருந்தாத கூட்டுக்கும் கிரவுனுக்கும் நடுவில் ஓர் இரும்பு வளையத்தைச் செருகி, நீள போல்ட்டாகப் போட்டு முறுக்கியிருந்தான்.

"த்தூ! இவனெல்லாம் ஸ்பானருக்குப் பதிலா கரண்டியப் புடிச்சிருக்கலாம்."

"அதுலயும் உப்புப் போட மறந்திருப்பான்," என்றார் டயர்மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை.

மெக்கானிக்குக் குஷி பிறந்தது. அந்த முகம் தெரியாதவனின் கண், கை, படிப்பு, வளர்த்த விதம் எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்துக்கொண்டே அழுக்குத் துணியால் போல்ட் தலைகளைத் துடைத்தார். கறுப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் பெயின்ட் கோடு ஒன்று வந்தது. கோட்டின் முனையில் சின்ன வால்.

இறுக்கி முடித்த போல்ட்டில் அப்படி வால் வைத்துக் கோடு இழுக்கிற ஆள் அந்தத் தெருவிலேயே ஒருவர்தான். அதைத் தன் கையெழுத்து என்று வேறு பீற்றிக்கொள்வார். பதினோரு வருஷத்துக்கு முன் வண்டியின் பழைய சொந்தக்காரர் தலைமேல் ஏறி நின்று அவசரப்படுத்தியது ஞாபகம் வந்தது. இதுவரை திட்டிய அத்தனையும் விலாசம் விசாரித்து வீடு வந்து சேர்ந்தது. வீச்சம் இப்போது தன் கையிலிருந்தே கிளம்புவதுபோல் இருந்தது. கையைச் சட்டையில் துடைத்தார். போகவில்லை.

சொன்னால் மாப்பிள்ளை என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லாவிட்டால் எவன் தலையிலாவது போட்டுவிட்டுச் சரியான கூட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. வாய் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

"மாப்ள, அந்தக் கரண்டிக்காரன் நான்தான்."

மாப்பிள்ளை சிரித்தார். மச்சான் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு அச்சு அசலாக அதையே சொன்னார்: "அப்புறம் என்ன? பதினோரு வருஷம் ஓடியிருக்குல்ல? அதையே போட்டு மூடுங்க. நாளைக்கு லோடு இருக்கு. உங்க தங்கச்சியும் கூட வரேன்னுட்டா."

"கையக் கொண்டாங்க."

"ஸ்பானரு?"

"வேணாம். சும்மா ரெண்டு வெரலால திருப்புங்க."

முதல் போல்ட் அசையவில்லை. இரண்டாவதும். மாப்பிள்ளை ஜெயித்தவர்போல நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது, ஊறுகாய் ஜாடி மூடிபோல, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்தது.

"அவ எந்தப் பக்கம் உக்காருவா?" என்று கேட்டார் மெக்கானிக்.

மாப்பிள்ளை குனிந்தார். நான்காவதைத் தொட்டார். அது கழன்று கீழே எண்ணெய்த் தட்டில் விழுந்தது. கறுப்பு எண்ணெய் ஒருமுறை வாய் திறந்து மூடிக்கொண்டது. மாப்பிள்ளை அந்த இரண்டு விரலையும் எங்கும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.