சுற்று வழி

மழைக்கால வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பாலத்தின் பக்கம் போனபோது இமாஸின் கால்கள் மட்டும் வலப்பக்கம் திரும்பின. அவள் யோசித்துத் திருப்பவில்லை. அதே வகுப்புக்கு வரும், எல்லோரும் மரியாதையாக 'பாக்' என்று அழைக்கும் ஷாஃப்ரில் அவள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். பாக் ஷாஃப்ரில் ஒரு கணம் நின்றார். பாலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவளோடு நடந்தார்.

பின்னாலிருந்து ஹெத்தியின் குரல் கேட்டது. "அடியே இமாஸ்! எங்கடி போறீங்க ரெண்டு பேரும்?" அதைத் தொடர்ந்து பெண்களின் சிரிப்பு. இமாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காதில் அது விழுந்ததா என்பதே சந்தேகம்.

வழக்கமாகத் தாவரப் பூங்காவின் வகுப்புகள் பெரிய வாசலுக்குப் பக்கத்துக் கூடத்தில்தான் நடக்கும். வெயில் காலத்தில் ஆர்க்கிட் பிரித்து நடுவது, மழைக்காலத்தில் துணியில் இலை பதிப்பது. இந்த முறை அந்தக் கூடத்துக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வகுப்பெடுக்கும் ரிஸ்மா எல்லோரையும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டாள். அக்கரைக்குப் போக ஒன்று சிவப்புத் தொங்குபாலம். இல்லையென்றால் பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட பாதை.

இந்தோனேசியாவின் போகோர் நகரில் பிறந்த எவருக்கும் அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜோடியாகச் சேர்ந்து அதைக் கடப்பவர்கள் பிரிந்துபோவார்கள். அதனால் காதலிப்பவர்களும் கட்டிக்கொண்டவர்களும் சுற்றித்தான் போவார்கள். நண்பர்கள், அண்ணன் தங்கை, அலுவலகத்துக் கும்பல், இவர்களெல்லாம் கவலையில்லாமல் பாலத்தில் ஆடிக்கொண்டு போவார்கள்.

இமாஸும் எந்திஸும் கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுற்றித்தான் போனார்கள். எந்திஸ் கணக்கு வாத்தியார். "இதுக்கு என்ன நிரூபணம் இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். கேட்டுவிட்டு வலப்பக்கம் திரும்புவான். "நம்பிக்கையெல்லாம் இல்ல. சும்மா எதுக்கு வம்பு." வகுப்புகளுக்கு வரத் தொடங்கியது மகள் கல்யாணமாகி சுரபாயாவுக்குப் போன பிறகு. வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதைச் சகிக்காமல் அவன்தான் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். ஆர்க்கிட் வகுப்பில் அவன் நட்டது எதுவும் பிழைத்ததில்லை. "என் பசங்க மாதிரி. எவ்வளவு ஊத்தினாலும் ஏறாது" என்று சிரிப்பான். சுமத்ராவின் ராட்சதப் பூ விரிந்த வருடம், ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றபோது, "எங்க ஆசிரியர் அறையில ஷூ கழட்டினா இதைவிட நாத்தம் வரும்" என்றான். முன்னால் நின்ற தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தாள்.

சுற்று வழியில் கெனாரி மரங்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி வேர் பரப்பி நிற்கும். உதிர்ந்த கொட்டைகளை இமாஸ் பொறுக்கிக் கொடுக்க, எந்திஸ் ஒரு கல்லைத் தேடி வேரின் மேல் வைத்து உடைப்பான். பெரிய பருப்பை அவளிடம் நீட்டுவான். அதற்குள் பேச்சு எங்கெங்கோ போய்விடும். வீட்டில் பேச முடியாதவையெல்லாம் அந்தப் பாதையில்தான் பேசப்பட்டன. அவனுடைய தம்பிக்கு வீடு எழுதிக் கொடுத்தது, அவளுடைய இரண்டாவது கர்ப்பம் கலைந்தது, கடைசியாக அவனைக் கொண்டுபோன நோய். எல்லாம் இந்த மரங்களுக்குத் தெரியும்.

இன்றும் மழை விட்ட ஈரத்தில் கொட்டைகள் கிடந்தன. இமாஸ் குனிந்து இரண்டை எடுத்தாள், துடைத்தாள், பக்கத்தில் நீட்டினாள். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. அவள் காத்து நின்றாள். எதற்குக் காத்து நிற்கிறோம் என்று தெரியாமலேயே சிறிது நேரம் நின்றுவிட்டு மறுபடி நடந்தாள்.

கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் அவளுக்கு நினைவு திரும்பியது.

"வந்துட்டாங்கப்பா மாப்பிள்ளையும் பொண்ணும்!" ஹெத்தி மரச்சுத்தியால் மேசையைத் தட்டினாள். அஞ்சலகத்தில் இமாஸோடு ஒரே கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் ஹெத்தி. வாய் அடங்காது. "பாலம் அஞ்சு நிமிஷம். உங்களுக்காக எவ்வளவு நேரம் துணி முக்கற படிகாரத் தண்ணிய கிளறிட்டு உக்காந்திருக்கிறது?"

"ஹெத்தி, சும்மா இரு."

"நானா சும்மா இருக்கணும்? ஊரே பாத்துச்சு நீ எந்தப் பக்கம் திரும்பினேன்னு. எப்பம்மா விருந்து? முன்னாடியே சொல்லு, நான் கெபாயா சட்டை தைக்கக் குடுக்கணும்."

ரிஸ்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இமாஸுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஷாஃப்ரிலைப் பார்க்கத் துணிவில்லாமல் துணியை எடுத்து விரித்தாள்.

போன வாரம், வாசலில் சோத்தோ மீ நூடுல்ஸ் வண்டியருகே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷாஃப்ரில் அவளிடம் கேட்டிருந்தார். சுற்றி வளைக்காமல், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும்போல மரியாதையாக 'இபு' போட்டு. அவர் மனைவி இறந்து நாளாகிறது. பாத்தாம் தீவில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்லி நெருக்குகிறான். "நான் போகோர்லயே இருக்கணும்னா அதுக்கு ஒரு காரணம்தான் இருக்கு, இபு இமாஸ். அது நீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். அடுத்த வகுப்பன்னிக்கு சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி பையனுக்கு போன் பண்றதா சொல்லியிருக்கேன்."

அடுத்த வகுப்பு இன்றுதான். இமாஸ் ஒரு வாரமாக யோசித்தும் எந்தப் பதிலும் வரவில்லை. இன்று காலை புறப்படும்போதும் தெரியவில்லை. இப்போது வாயே திறக்காமல், இத்தனை பேர் முன்னால் பதில் சொல்லி முடித்துவிட்டாள்.

பூங்காவில் உதிர்ந்த இலைகளைத்தான் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. ஒவ்வொருவரும் வரும் வழியில் பொறுக்கியதைக் கொட்டினார்கள். இளம் தேக்கு இலை ஒன்று இமாஸுக்குக் கிடைத்தது. அதைத் துணியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, நரம்பு நரம்பாகச் சுத்தியால் தட்டினாள். தட்டத் தட்டச் செம்பழுப்புச் சாறு ஊறி வந்தது. பக்கத்து மேசையில் ஷாஃப்ரிலும் தட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுகிறாரா? அப்படியென்றால் அந்தச் சந்தோஷத்தை அவள்தான் உடைக்க வேண்டும். உடைக்காமல் விட்டால்? பிசகிப்போன கால்களின் மேல் ஒரு கல்யாணத்தை எப்படிக் கட்டுவது? அதைவிட, அந்தக் கால்கள் யாருக்காகத் திரும்பின என்று அவளுக்குத் தெரியுமே. இறந்துபோன ஒருவனுக்குரிய நடையை இன்னொருவர் தனக்கென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இது அவருக்கும் அவமானம், எந்திஸுக்கும் அவமானம்.

சுத்தி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. இலை கிழிந்தது.

"மெதுவா இபு" என்றாள் ரிஸ்மா. "அழுத்தினா சாறு பரவிடும், நரம்பு தெரியாது."

மதியம் எல்லோரும் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஷாஃப்ரில் தூண் ஓரமாகத் தனியே உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தார். தானே சமைத்த ரெண்டாங் இறைச்சி. இமாஸ் தன் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். பின்னால் ஹெத்தி தொண்டையைச் செருமினாள்.

"காலையில நாம சுத்தி வந்தோமே..." என்று இமாஸ் ஆரம்பித்தாள்.

"ம்."

"அது நான் யோசிச்சு செஞ்சதில்ல, பாக். பழக்கம். அவரோட வந்து வந்து..." அவளால் முடிக்க முடியவில்லை.

"தெரியும்" என்றார் அவர்.

"எப்படித் தெரியும்?"

ஷாஃப்ரில் சட்டைப் பையிலிருந்து இரண்டு கெனாரிக் கொட்டைகளை எடுத்துப் பாயின் மேல் வைத்தார். "இதை என் கையில குடுத்துட்டு நின்னீங்க. எனக்கு என்ன பண்ணணும்னு தெரியல. தின்னணுமா, பையில போட்டுக்கணுமா? உங்க முகத்தைப் பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சுது, நீங்க நடந்துக்கிட்டிருந்தது என்கூட இல்லன்னு."

இமாஸ் தலை குனிந்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? நல்லா இருந்துச்சு. உங்க முகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல. நடுவுல பூந்து கெடுக்கவா?" அவர் ஒரு துண்டு ரெண்டாங்கை எடுத்து அவளுடைய சோற்றின் மேல் வைத்தார். "என் சம்சாரம் போனப்புறம் ரொம்ப நாளைக்கு நான் ரெண்டு டம்ளர் காப்பி போட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டையும் நானே குடிச்சிடுவேன். தூக்கமே வராது."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் நீரும் வந்தது.

"இவங்க கிண்டலை நெனச்சுக் கவலப்படாதீங்க" என்றார் அவர். "நான் பாத்தாம் போயிட்டா, அடுத்த வெயில் கால வகுப்புக்குள்ள மறந்துருவாங்க. ஹெத்திக்கு வேற ஆள் கிடைச்சுடும்."

போயிட்டா.

அவ்வளவு சாதாரணமாக அவர் அதைச் சொன்னார். மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று இமாஸ் எதிர்பார்த்திருந்தாள். தப்பு சரியாகிவிட்டது. அவரும் வருத்தப்படவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பழையபடி உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் அவள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். அடுத்த ஆர்க்கிட் வகுப்பில் பக்கத்து மேசை காலியாக இருப்பது அவள் கண்முன் வந்தது. அந்தக் காலி இடத்தில் எந்திஸ் இல்லை. எந்திஸ் இல்லாத இடங்கள் அவளுக்குப் பழகிவிட்டன. அங்கே இல்லாமல் போனது ஷாஃப்ரில். எந்திஸுக்குரிய நடையைத் தெரிந்தே கூட நடந்து, வாய் திறக்காமல் இரண்டு கொட்டைகளைப் பத்திரமாக வைத்துக்கொண்ட மனிதர்.

பிற்பகலில் போகோரின் மழை வந்தது. வானமே அறுந்து விழுவது மாதிரி. ஓய்ந்தபோது காவலர் ஒருவர் வந்து, கெனாரிப் பாதையில் பெரிய கிளை விழுந்துவிட்டது, அந்த வழியை மூடிவிட்டோம், எல்லோரும் பாலத்தின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று சொன்னார்.

ஈரத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் தூறலில் பாலத்தடிக்கு வந்தார்கள். வகுப்பில் ஒரு தம்பதி இருந்தார்கள், காலையில் எல்லோருக்கும் முன்பே சுற்றி வந்துவிட்ட இபு உங்காவும் அவள் கணவரும். அவர் முதலில் தனியாகப் போய் அக்கரையில் நின்றார். அதன்பிறகே உங்கா கால் வைத்தாள்.

"ஒவ்வொருத்தராப் போனா கணக்குல வராதா?" என்று கேட்டாள் ரிஸ்மா. அவள் கிழக்கு ஜாவாக்காரி, இந்த ஊருக்குப் புதிது.

"சேந்து கடந்தாதானே பிரியணும்" என்றாள் ஹெத்தி. "வேற வழி இல்லேன்னா இங்க எல்லாரும் இப்படித்தான். என் புருஷன்கூட நான் வேணும்னே நாலு தடவ சேந்து போனேன். சனியன், இன்னும் வீட்டுலதான் இருக்கு."

சிரித்துக்கொண்டே கும்பலாக எல்லோரும் அக்கரைக்குப் போனார்கள். இக்கரையில் இமாஸும் ஷாஃப்ரிலும் காவலரும் மட்டும் மிஞ்சினார்கள். அங்கிருந்து அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷாஃப்ரில் குரலைத் தாழ்த்தினார். "வாங்க, சேந்தே போயிடலாம். நமக்குள்ள பிரியறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் பாக்கட்டும். காலையில நடந்தது சும்மான்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க. உங்களுக்கும் நிம்மதி."

அவளை விடுவிப்பதற்காகத்தான் சொன்னார். அது அவளுக்குப் புரிந்தது. அருகருகே நடந்து போனால் போதும். விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அவர் இரவில் மகனுக்கு போன் பண்ணுவார்.

இமாஸ் ஈரமான கம்பியைப் பிடித்து ஒரு காலைப் பலகையின் மேல் வைத்தாள். பாலம் லேசாக அசைந்தது. காலையில் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிய அதே கால்தான். இப்போது அது அவள் சொல்லுக்காகக் காத்து நின்றது.

அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க முன்னால போங்க" என்றாள்.

"ஏன், பயமா இருக்கா?"

"பயந்தான். நீங்க அந்தக் கரையில எறங்கினப்புறம் நான் வர்றேன்."

காவலர் குறுக்கிட்டார். "இபு, பாலம் நல்லா தாங்கும். ரெண்டு பேரும் ஒண்ணாவே போகலாம்."

"தாங்கும்னு தெரியும்" என்றாள் இமாஸ்.

ஷாஃப்ரில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தபடியே அவர் முகம் மெல்ல மலர்ந்தது. குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, வழுக்கிவிடக் கூடாது என்ற ஒரே கவலையோடு அடிமேல் அடி வைத்துப் போனார். அவருடைய இரண்டு கால்களும் அக்கரைக் கல்லில் படும்வரை இமாஸ் அசையவில்லை.

பிறகு அவள் பாலத்தில் ஏறினாள். இத்தனை வருடத்தில் தனியாகக்கூட அவள் அதைக் கடந்ததில்லை. நடுவில் வந்ததும் நின்றுவிட்டாள். கீழே ஆறு செம்மண் நிறத்தில் மரத்துண்டுகளை இழுத்துக்கொண்டு போனது. இவ்வளவு அகலமான ஆறா இது?

"அங்க நின்னு என்னடி யோசன?" அக்கரையிலிருந்து ஹெத்தி கத்தினாள். "சீக்கிரம் வா, குடைய மடக்கி வெச்சுக்கிட்டு மனுஷன் நனையறாரு!"